பிரதமரின் லைனில் ஒரு மருந்துப் பெயர்

என் அக்காவை வீட்டில் நாங்கள் 'கன்ட்ரோல் ரூம்' என்றுதான் சொல்வோம். யார் எங்கே போகிறார்கள், எப்போது திரும்புவார்கள், குழம்பில் உப்பு போட்டாயிற்றா, எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் அவள் ஆபீஸில் நடந்ததில் ஒரு வார்த்தையைக்கூட அவள் வாயிலிருந்து பிடுங்க முடியாது. பிரதமர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். இரண்டாம் மாடியில், பிரதமர் அறைக்கு வெளியே, ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் அவள் நாற்காலி. வருடக்கணக்காக ஹெட்போன் மாட்டியதில் காதுக்கு மேலே முடி உதிர்ந்திருக்கும். அதைப் பற்றி மட்டும் அவளிடம் யாரும் பேசக் கூடாது.

அப்பா போன பிறகு அவள் சம்பளத்தில்தான் நான் சாப்பிட்டேன், படித்தேன், திமிர் பிடித்தும் அலைந்தேன். ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை கிடைத்து நானும் மனிதனானேன் என்று அம்மா நிம்மதியான சமயத்தில் எனக்கு ரத்தத்தில் ஒரு கோளாறு வந்தது. கால் இரண்டும் வீங்கிப் படுத்த படுக்கையானேன்.

அக்காவின் ஆபீஸில் யாராக இருந்தாலும் வாசலிலேயே செல்போனைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் என் டாக்டர் ஒருநாள் ஆபீஸ் நம்பருக்கே கூப்பிட்டுவிட்டார். அன்றைக்குப் பார்த்து அக்காவின் இணைப்புப் பலகை பழுது. பிரதமர் மேசை போன்தான் அடித்தது. எடுத்தவர், "உனக்குத்தாம்மா. டாக்டர். இங்கயே நின்னு பேசு" என்று நீட்டிவிட்டுத் தன் கோப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். டாக்டர் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். நம் நாட்டில் எந்தக் கடையிலும் அது இல்லை என்றார். ஆறு ஊசி போட வேண்டும், மூன்றாவதில் வீக்கம் வடியும், பாதியில் நிறுத்தினால் ஆள் தேறுவது கஷ்டம் என்றார். எல்லாவற்றுக்கும் அக்கா, "சரிங்க டாக்டர்" என்றதோடு சரி. வீட்டுக்கு வந்து எங்களிடம், "மருந்து வந்துடும்" என்றாள். எங்கிருந்து வரும் என்று அவளுக்கே தெரியாது.

நம் நாட்டுக்கு ஒரு நட்பு நாடு உண்டு. ஒப்பந்தம், கைகுலுக்கல், பேப்பரில் பெரிய படம் என்று உறவு அமோகமாக இருந்தது. அந்த நாட்டுத் தூதரகத்தில் ஒரு அதிகாரி. நம் மொழியைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர், ஒரு சொல்லையும் சிதைக்காமல் பேசுவார். அக்கா அவருக்கு 'இலக்கணம்' என்று பெயர் வைத்திருந்தாள். அடுத்த வாரம் ஏதோ கூட்டத்துக்கு வந்த அவர் அவள் மேசையில் ஒரு சின்ன ஐஸ் பெட்டியை வைத்தார். "தங்கள் தம்பிக்கு மூன்று ஊசிகள். மீதி அடுத்த மாதம். வருந்தாதீர்கள், மூன்றாவது ஊசியில் வீக்கம் வடிந்துவிடும்" என்றார்.

அக்காவுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிரதமர்தான் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள்.

மூன்றாவது ஊசி போட்ட மறுநாள் என் கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. அம்மா அழுதாள். டாக்டர், "நான்தான் சொன்னேனே, மூணாவதுல வடியும்னு" என்றார். அக்காவின் முகம் சட்டென்று மாறியது.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா டாக்டர்?"

"உங்ககிட்ட மட்டும்தாம்மா. அன்னிக்கு போன்ல."

பிரதமருக்குக் கேட்டிருக்க வழியில்லை. அக்கா பதிலுக்குச் சொன்னது "சரிங்க" மட்டும்தான். இலக்கணத்துக்குத் தெரிந்தது என்றால், அந்த லைனிலேயே யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இலக்கணம் கேட்டதைத் தன் நாட்டுக்கு எழுதி அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்காமல் மருந்தையும் வாங்கி வந்துவிட்டார், வாயையும் விட்டுவிட்டார்.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அக்கா என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பிரதமர்கிட்ட சொல்லணும்டா. நாட்டு விஷயம் எல்லாம் அந்த போன்லதான் பேசறாரு."

"சொன்னா மீதி மூணு ஊசி?"

"வராது. அந்த மனுஷனையும் பிடிச்சுடுவாங்க."

நான் சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. எனக்கு உயிரோடு இருக்க ஆசையாக இருந்தது. அவள் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம், "என்னை நம்பித்தானேடா அந்த நாற்காலியில உட்கார வச்சிருக்காரு" என்றாள். முடிவெடுத்துவிட்டாள் என்று புரிந்தது. மீதி மூன்று ஊசி போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் அவள் வேறு மாதிரி செய்திருந்தால் அவள் என் அக்காவே இல்லை.

மறுநாள் அவள் பிரதமரை டீ போடும் அறைக்கு அழைத்துப் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் எல்லாவற்றையும் சொன்னாளாம். ஒரு நாட்டின் பிரதமர் எச்சில் டம்ளர்களுக்கு நடுவே நின்று கேட்டிருக்கிறார்.

"ஊசி கொடுத்தவர் பேரு..." என்று அவள் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் கேக்கலம்மா. நீயும் சொல்லாத. நம்ம ஆளுங்க மட்டும் அவங்க லைனைக் கேக்காமலா இருக்காங்க?"

அறைக்குப் போனார். அதே போனை எடுத்து என் டாக்டரைப் பிடித்தார்.

"டாக்டர், எங்க ஆபரேட்டர் தம்பிக்கு இன்னும் எத்தனை ஊசி பாக்கி?"

"மூ... மூணு சார்."

"அடுத்த மாசம் வரைக்கும் தாங்குமா?"

"சீக்கிரம் போட்டா நல்லது சார்."

"சரி. யாராவது நல்ல மனசுக்காரங்க கொடுக்காமலா போயிடுவாங்க?"

போனை வைத்துவிட்டு, வெளியே வந்து அக்காவின் காதில், "நம்மகிட்ட இவ்வளவு திருடினவங்ககிட்ட மூணு ஊசி வாங்கினா தப்பில்ல" என்றார்.

அந்த வாரமே வாசல் காவலாளியிடம் ஒரு ஐஸ் பெட்டி வந்தது. பெயர் இல்லை, சீட்டு இல்லை. பிரதமர் அன்றிலிருந்து அந்த போனில் பேரப்பிள்ளைகளிடம் மட்டும் பேசினார். இலக்கணம் தன் பதவிக்காலம் முடிந்து, மாலை மரியாதையோடு ஊருக்குப் போனார். அதற்குப் பிறகுதான் லைனை மாற்ற ஆள் வந்தது.

அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்கிறவர்களைப் பற்றிப் பேப்பரில் வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நண்பன் என்று தோளில் கை போட்டுக்கொண்டே பையைத் தடவும் புத்தி அது. நன்றாகத் திட்டலாம் என்று எழுந்து நிற்பேன். நிற்க முடிகிறதே, அதிலேயே பாதிக் கோபம் போய்விடும்.

லைனை மாற்றிய அன்று காலை, ஆள் வருவதற்கு முன், அக்கா என்னை வீட்டு போனில் கூப்பிட்டாள்.

"சார் மேசையிலிருந்துதான் பேசறேன், அவர் சொல்லித்தான். உடம்பு எப்படி இருக்குன்னு கொஞ்சம் சத்தமா சொல்லு."

எனக்குப் புரிந்தது: இலக்கணம் போய்விட்டாலும், அவர் இடத்தில் உட்கார்ந்து கேட்கிறவர் இதை அவருக்குச் சேர்த்துவிடுவார். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நேத்து வேலைக்குப் போனேன்கா. நாள் முழுக்க நின்னேன். ராத்திரி மாடிப்படி ஏறி வந்தேன், அம்மா கையைப் பிடிக்கல. மருந்து கொடுத்தவங்களை எனக்குத் தெரியாது. அவங்க நல்லா இருக்கணும். அவங்க குடும்பமும் நல்லா இருக்கணும்."

அக்கா உடனே போனை வைக்கவில்லை. மூன்றாவதாக இன்னொருவரும் வைக்கவில்லை என்றுதான் நான் இன்றுவரை நம்புகிறேன்.