மூன்று மடிப்பு வைத்த பாவாடை

பெரியவர்களுக்குத் தைக்கிறவர் ஒரு ஆளைத் திருப்திப்படுத்தினால் போதும். குழந்தைகளுக்குத் தைக்கிறவர் இரண்டு ஆளைத் திருப்திப்படுத்த வேண்டும், அதில் ஒரு ஆள் அளவெடுக்கும்போது நிற்கவே மாட்டார்.

வேங்கிக்காலில் வீட்டின் முன்னறையில் பதினோரு வருஷமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் தைக்கிறேன். பேர் போட்டு, மயில், யானை, ஆட்டோ என்று கேட்கிற படத்தை எம்பிராய்டரி போட்டுக் கொடுப்பேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள். நம் பாடுதான்.

கடிக்கிற கவுன்

தொழில் தொடங்கிய புதிதில் எனக்கு நெட் துணி மேல் ஒரு பைத்தியம். ஒரு மூன்று வயதுக்காரியின் பிறந்த நாளுக்கு ஐந்து அடுக்கு வைத்து ஒரு கவுன் தைத்தேன். நெஞ்சில் அவள் பேரை ஜரிகை நூலில் போட்டேன். நானே அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன். மண்டபத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது.

கேக் வெட்டக் கத்தியை எடுத்தார்கள். பிறந்த நாள்காரி கவுனைத் தலைவழியாகக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் ஜட்டியோடு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சொந்தக்காரர்கள் நாலு பக்கமும் குனிந்து கெஞ்சுகிறார்கள். அவள் அம்மா, நான்தான் சொல்லிக்கொடுத்து அனுப்பிய மாதிரி என்னைப் பார்த்தாள். கவுனை எடுத்து உள்பக்கம் திருப்பினேன். ஜரிகை முடிச்சுகள் முள்ளாகக் குத்தின. நான் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துத் தைத்திருக்கிறேன். அவள் உள்பக்கத்தைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பொறுத்திருக்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து பேருக்குப் பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைக்காமல் எதையும் கொடுப்பதில்லை. மேஜைக்கு அடியிலிருந்து வந்த குரல் இன்னும் காதில் இருக்கிறது: "அம்மா, என் பேரு கடிக்குது!"

மூன்று மடிப்பு

கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செல்வி, நாலு வயது மகள் யாழினிக்குப் பாவாடை தைக்க வந்தாள். நல்ல ஆரணிப் பட்டு. வருஷத்தில் கார்த்திகைத் தீபத்தன்று மட்டும் கட்டப்போகிற பாவாடை, ஆனால் நாலு வருஷமாவது வர வேண்டும் என்றாள். தைக்கிறவர்களுக்கு இது பழக்கமான பேச்சுதான். பாவாடையின் உள்பக்கம் மூன்று மடிப்பு வைத்து, பிரிக்க வசதியாக லேசான தையல் போட்டேன். ஒவ்வொரு மடிப்பிலும் ஒன்றரை அங்குலம் அடங்கியிருக்கும். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். இடுப்புப் பட்டியின் உள்ளே மஞ்சள் நூலில் அவள் பேர். அளவு நோட்டில் எழுதினேன்: இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இருபத்திரண்டு.

அடுத்த வருஷம் தீபத்துக்கு முன்னால் வந்தார்கள். இருபத்து மூன்றரை. முதல் மடிப்பைப் பிரித்தேன். யாழினி தரையில் குப்புறப் படுத்து வெட்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இஸ்திரி போடும் அவசரத்தில் பாவாடையோடு நான் அவளைத் தாண்டிப் போய்விட்டேன். "அக்கா! தாண்டிட்டீங்களே, புள்ள வளராது. அப்படியே திரும்பத் தாண்டிடுங்க" என்று செல்வி பதறினாள். படுத்திருக்கிற பிள்ளையைத் தாண்டினால் வளராது, திரும்பத் தாண்டினால் சரியாகிவிடும் என்று ஊரில் எல்லோரும் சொல்வதுதான். நான் சிரித்தேன். அதற்குள் வாசலில் வேறு யாரோ கூப்பிட்டார்கள், யாழினியும் எழுந்து ஓடிவிட்டாள். போகும்போது செல்வி ஸ்கூட்டியை நிறுத்திச் சொன்னாள்: "சிரிக்காதீங்கக்கா. அடுத்த தடவ வரும்போது ஞாபகமா திரும்பத் தாண்டணும்."

யார் பிள்ளை?

தீபத்துக் கூட்டம் எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கைப்பிடி நழுவினால் பிள்ளை போன திசை தெரியாது. அதனால் அந்த மாதம் எனக்கு ஒரு தனி வேலை உண்டு: சட்டைக் காலரின் உள்பக்கம் அப்பாவின் போன் நம்பரை நூலால் போட்டுக் கொடுப்பது. அடி அண்ணாமலையில் பூக்கடை வைத்திருக்கும் ஒருவர் தன் மகன் சட்டையில் நம்பர் போட்டு வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வருஷத்தில் சட்டை சின்னதாகிவிட்டது. நம் வீடுகளில் நல்ல சட்டையைத் தூக்கிப் போடுவோமா? மச்சினி பையனுக்குப் போனது.

அந்தப் பையன் அந்த வருஷம் கிரிவலப் பாதையில் தொலைந்துபோனான். உதவி மையத்தில் இருந்த போலீஸ்காரர் காலரைப் புரட்டிப் பார்த்துப் போன் போட்டிருக்கிறார். பூக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மைக்கில் அறிவித்து, அரை மணி நேரத்தில் பையன் அவன் அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டான். மறுநாள் அவர் என்னிடம் வந்து, போலீஸ்காரரிடம் தான் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினார்: "சார், என் புள்ள என் தோள் மேல உக்காந்து பஞ்சுமிட்டாய் துன்றான். நீங்க யாரு புள்ளயப் புடிச்சு வெச்சுக்கினு எனக்குப் போன் பண்றீங்க?"

அதே இருபத்து மூன்றரை

மூன்றாவது வருஷம் யாழினிக்கு ஆறு வயது. அளவு டேப்பை இடுப்பில் வைத்துக் கணுக்காலுக்கு இறக்கினேன். இருபத்து மூன்றரை. நோட்டைப் பார்த்தேன், போன வருஷமும் இருபத்து மூன்றரை. பழைய டேப் இழுபட்டு நீண்டிருக்கும் என்று புது டேப் எடுத்தேன். பிறகு இரும்பு ஸ்கேல் வைத்தேன். தோள், கை எல்லாம் போன வருஷத்து எண்ணே. முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. எப்போதும் துணிக்குவியலில் புரளுகிற பிள்ளை, நாற்காலியில் சாய்ந்து கண் சொருகிக்கொண்டிருந்தது.

அன்று நான் செய்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஒரு தாயிடம் "உன் பிள்ளை வளரவில்லை" என்று எந்த வாயால் சொல்வது? அதுவும், தாண்டிய நான்? "நீளம் சரியாத்தான் இருக்கு, இந்த வருஷம் பிரிக்க வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். செல்வி, திரும்பத் தாண்டுகிற பேச்சையே மறந்து, சந்தோஷமாகவே போனாள். எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் இல்லை என்று ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்லிக்கொண்டேன். நம்பிக்கை இல்லாதவள் ஒரு முறை சொன்னால் போதுமே.

பத்து நாள் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனேன். "செல்வி, நான் அன்னிக்கு உன்கிட்ட சரியா சொல்லல. ஒரு வருஷமா புள்ள ஒரு நூல்கூட வளரல. டாக்டர்கிட்ட காட்டும்மா" என்றேன். "நாங்க ரெண்டு பேரும் குள்ளம்தானேக்கா" என்று ஆரம்பித்தவள், நோட்டில் அடுத்தடுத்து இருந்த எண்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நோட்டை என் கையிலிருந்து வாங்கி, மெஷின் மூடியைத் திறந்து அந்தப் பக்கத்தை ஒரு காப்பி எடுத்தாள். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை: "அன்னிக்கு நீங்கதானே தாண்டினீங்க. திரும்பத் தாண்டச் சொன்னேன், சிரிச்சீங்க."

பாக்கெட்

அதற்குப் பிறகு செல்வி வரவில்லை. அவள் கடை வழியாகப் போகிற தைரியமும் எனக்கு இல்லை. வேலையில் மனசு ஓடாமல் இருந்த அந்த நாட்களில், ஒரு அஞ்சு வயதுக்காரி கவுனுக்கு அளவு கொடுக்க வந்தாள். பாக்கெட் வேண்டும் என்றாள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு பாக்கெட், காசா வெச்சிருக்கே?" என்றாள் அவள் அம்மா. வைக்கலாமா வேண்டாமா என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எதற்கு என்று சின்னவளிடமே கேட்டேன். இரண்டு கையையும் இடுப்பில் இல்லாத பாக்கெட்டுக்குள் விடுவது போலக் காட்டிவிட்டுச் சொன்னாள்: "சும்மா இருக்கும்போது கைய எங்க வெச்சுக்கறது?"

நாலாவது தீபம்

மறு வருஷம் கார்த்திகை பிறந்தது. ஒரு சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டி சத்தம் கேட்டது. செல்வி பாவாடைப் பையோடு உள்ளே வந்தாள். அவளுக்கு முன்னால், முன்பல் ஒன்று இல்லாமல், யாழினி ஓடி வந்து துணிக்குவியலில் விழுந்தாள்.

"ரத்தம் எடுத்துப் பாத்தாங்கக்கா. தைராய்டு ரொம்பக் கம்மியாம். தெனம் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை, அவ்வளவுதான். இன்னும் விட்டிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. எப்படிம்மா கண்டுபுடிச்சேன்னு கேட்டாரு. நீங்க எழுதின அளவக் காட்டினேன்" என்றாள். அன்று கடையில் எடுத்த அந்த ஜெராக்ஸ் பைக்குள் நாலாக மடிந்து இருந்தது. கோபத்தில் பேசிவிட்டதாகவும், அப்புறம் வர வெட்கமாக இருந்ததாகவும் சொன்னாள். நானும் அதே வெட்கத்தில்தான் அவள் தெருப்பக்கம் போகாமல் இருந்தேன் என்று சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

யாழினியை நிறுத்தி அளவெடுத்தேன். இருபத்தாறரை. ஒரு முறைதான் எடுத்தேன், இரண்டாவது முறை எடுக்கத் தோன்றவில்லை. மீதி இரண்டு மடிப்பையும் ஒன்றாகப் பிரிக்க வேண்டியதுதான். கத்தரிக்கோலைத் தேடினேன். செல்வி அதற்குள் மகளைத் தரையில் படுக்கச் சொன்னாள். யாழினி சிரித்துக்கொண்டே கை காலை நீட்டிப் படுத்தாள். "மாத்திரையிலதானே வளந்தா செல்வி?" என்றேன். செல்வி பாவாடையை என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள்: "மாத்திரை அது வேலையப் பாத்துடுச்சி. நீங்க பாக்கி வெச்ச வேலைய முடிங்க, அப்புறம் மடிப்பப் பிரிக்கலாம்."

முட்டி வலியோடு புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பத் தாண்டினேன். நம்பிக்கை இன்னமும் எனக்குக் கிடையாது, ஆனால் இப்போதெல்லாம் முன்னறையில் எந்தப் பிள்ளை படுத்திருந்தாலும் மேஜையைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.