பென்டிரைவில் கட்டிய சீட்டு

நிர்மலாவுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் வாய் மட்டும் ‘ங்க’ போட மறக்காது. மங்கலத்திலிருந்து தினமும் வேனில் வந்து, திருப்பூரில் மணியன் நடத்திய பனியன் கம்பெனியில் ஒன்பது வருசம் கம்ப்யூட்டர் பார்த்தவள்.

2007-ல் அவளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டினார்கள். வெளிநாட்டுக்காரன் கொடுத்த டிசைன், குடை பிடித்த ஆந்தை, சரக்கு கப்பல் ஏறும் முன்பே பஜாரில் தொங்கியது. “ஃபைலு உங்கிட்டத்தான இருந்துது? எவனுக்கு வித்த?” என்று கட்டிங் செக்சனில் நாற்பது பேர் பார்க்கக் கேட்டார் மணியன். நாளைக்கு வர வேண்டாம் என்றார். அட, என்ன அநியாயம்!

அந்தக் கம்பெனியிலேயே டிசைனைப் பூட்டி வைத்த ஒரே ஆள் அவள்தானே. முந்தின வருசம் எவனோ செருகிய பென்டிரைவிலிருந்து வைரஸ் வந்து சைஸ் சார்ட்டையெல்லாம் நாசமாக்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் வைரஸைத் தடுக்கவும், கூடவே ஃபைலைப் பூட்டும் என்க்ரிப்ஷனும் கற்றுக்கொண்டாள். அவள் பூட்டிய ஃபைலை பாஸ்வேர்ட் இல்லாமல் எவன் திறந்தாலும் வெறும் கிறுக்கல்தான் வரும். ஃபைல் பென்டிரைவில் பிரிண்டிங் யூனிட்டுக்குப் போகும்; பாஸ்வேர்டை அங்கிருக்கும் மாஸ்டருக்குப் போனில் சொல்லுவாள், முதலாளிக்கும் சொல்லியிருந்தாள். “இதென்ன ரோதனை கண்ணு” என்று அவர் சலித்துக்கொள்வார்.

அழுதுகொண்டு ஊடு போய்ச் சேரவில்லை அவள். நேராகப் பிரிண்டிங் யூனிட்டுக்குப் போனாள். ஆந்தை டிசைன் வந்த பென்டிரைவ் வாசல் மேசையில் கிடந்தது, வருகிறவன் போகிறவன் கைக்கெட்ட. அதில் ஒரு நூல், நூலில் ஒரு சீட்டு. வெட்டின துணிக்கட்டுக்கெல்லாம் சைஸும் நம்பரும் எழுதிச் சீட்டுக் கட்டுவது நம்ம ஊர்ப் பழக்கம். அதே மாதிரி கட்டின சீட்டில் பாஸ்வேர்ட்! எழுத்து மணியனுடையது. பென்டிரைவோடு எடுத்துக்கொண்டு கம்பெனிக்குத் திரும்பினாள்.

சீட்டைப் பார்த்த மணியன் முகம் கறுத்தது. “சரி உடு கண்ணு. போய் வேலையப் பாரு.”

“நாப்பது பேர் முன்னால கேட்டீங்க. அவங்க முன்னால இதைப் படிச்சிட்டு, அப்புறம் வேலையப் பாக்கச் சொல்லுங்க.”

கட்டிங் மிஷின் நின்றது. மணியன் வேர்த்துக்கொண்டே படித்தார்.

“யாரு எழுத்துங்க?”

“என்ற எழுத்துதான்,” என்றார் தரையைப் பார்த்து. “புள்ள மேல தப்பில்ல.”

நிர்மலா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினாள். பின்னால் வந்து நின்றார் மணியன். “என்ன போட்ட கண்ணு?”

“மாஸ்டருக்குச் சொல்லிக்கறனுங்க. உங்களுக்குச் சொல்ல மாட்டனுங்க.”