இரண்டாம் ஊசி

அப்பாவுக்கு, அந்தமானில் சாத்தத்துக்கும் பேம்பூஃப்ளாட்டுக்கும் நடுவே ஓடும் படகில் கயிறு வீசிக் கட்டும் வேலை. ராமநாதபுரத்திலிருந்து வந்து கைகளை நம்பியே பிழைத்தவர். அந்தக் கைகளில்தான் மூட்டுவாதம் வந்து உட்கார்ந்தது. காலையில் விரல்கள் மடங்காது; வெந்நீரில் அரைமணி நேரம் வைத்திருந்த பிறகே சட்டைப் பொத்தானைப் போட முடியும். வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரைதான் அவரை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

கொரோனா ஊசி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், அதனால் ஊசி கட்டாயம் வேண்டும், ஆனால் போட்டபின் இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்திவையுங்கள் என்றார் டாக்டர். அப்பா அப்படியே செய்தார். இரண்டாவது வாரம் மணிக்கட்டு இரண்டும் வீங்கிச் சிவந்தன. அம்மா சோறு ஊட்டினாள். கழிப்பறைக்கும் அவள்தான் கூடப் போனாள். அந்த நேரத்தில் அப்பா என்னை வெளியே அனுப்பிவிடுவார். ஒருநாள் போர்வையைக் கடித்துக்கொண்டு அவர் அழுததைக் கதவிடுக்கில் பார்த்தேன். மறுபடி மாத்திரை தொடங்கி, அவர் படகுக்குத் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

மாத்திரையை நிறுத்தியதால் வந்த வலி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாம் ஊசி செய்த வேலை என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

இரண்டாம் ஊசிக்கு நாள் வந்தும் அப்பா போகவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ், நாங்கள் தீதி (அக்கா) என்று கூப்பிடுபவள், வீடு தேடி வந்தாள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு அன்று ஓய்வு நாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவர் எங்கே என்று தீதி இந்தியில் கேட்டாள்.

"பப்பா டியூட்டி கயா" என்று, வேலைக்குப் போயிருப்பதாக நானும் இந்தியிலேயே சொன்னேன்.

வந்ததும் அனுப்பிவை என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆம்புலன்ஸில் ஏற்றி, படகில் அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் நாள் இறந்துபோனார். உடலைக்கூட வீட்டுக்குத் தரவில்லை. என் பொய்தான் அவரைக் கொன்றது என்று நம்பினேன். அம்மாவை நேராகப் பார்த்துப் பேசவே பயமாக இருந்தது.

போன வருஷம் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"அவ போனதும் நீ உள்ள போனப்ப அப்பா என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாக?"

நான் உள்ளே போனபோது அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "போயிட்டாகளா?" என்று கேட்டார். போய்விட்டார்கள் என்றேன். சற்று நகர்ந்து, பாயில் எனக்கு இடம்விட்டார்.

அப்போதுதான் அவர் விழித்துக்கொண்டார் என்று அன்றைக்கு நான் நினைத்தேன்.