விலையைப் பார்க்காமல் லொறியைப் பார்த்த தம்பி

என் தம்பியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு எழுத்து வராது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். தம்பியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்குச் சந்தோசம் வந்துவிடும், கதை அங்குமிங்கும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பிறந்தது சாம்பல்தீவில். கால் முதலில் வந்ததாம். உயிரைக் காப்பாற்றிய மருத்துவிச்சிக்கு அம்மா தன் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தார். எனக்கென்று வைத்திருந்த மூக்குத்தி, அது வேறு கதை. எங்கள் ஐயா கடலோடு போனபின் இடியப்பம் விற்றுத்தான் அம்மா தம்பியைப் படிப்பித்தார். துறைமுகத்தில் கிளாக்கரானார். நான் விதவையானதும் லிங்கநகரில் தன் வீட்டிலேயே என்னை வைத்துக்கொண்டார். ஓய்வு பெற்றபோது கிடைத்த காசில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் பங்குகளை என் பெயரில் வாங்கினார். நான் கைநாட்டு வைத்தேன்.

"ஏன் தம்பி என்ரை பேரில?"

"நான் முந்திப் போனா நீங்கள் ஆரிட்டையும் கை நீட்டக் கூடாதக்கா."

காலை ஒன்பதரைக்குப் பங்குச் சந்தை திறந்ததும் அவர் போனில் சிவப்போ பச்சையோ வரும். எழுத்துத் தெரியாதவளுக்கும் நிறம் தெரியுமே. சிவப்பென்றால் விலை இறங்கியிருக்கும். அவர் போனை வைத்துவிட்டுத் துறைமுக வீதித் தேத்தண்ணிக் கடைக்கு என்னைக் கூட்டிப்போவார். கம்பெனிக்குக் கோதுமை மா ஏற்றும் லொறிகள் அந்த வழியால்தான் போகும்.

"போன கிழமையும் பதினொண்டு, இந்தக் கிழமையும் பதினொண்டு. சனம் பிஸ்கட் தின்னுறதை விடேல்லை. செத்தவீட்டிலயும் அந்தத் தட்டுத்தானே முதல் வருது."

"அப்ப ஏன் சிவப்பு?"

"கொழும்பில ஆரோ பயந்திட்டினம். நாளைக்கு வேற ஆரோ ஆசைப்படுவினம். அது அவையின்ரை மனம். கம்பெனி வேற, அக்கா."

நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம், தம்பி சத்திரசிகிச்சைக்காகக் கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேத்தியின் போனில் நாளுக்கு நாள் சிவப்பு. என் ஓரகத்தியின் மகன் பங்கு விற்கும் படிவத்தோடு வந்தார்.

"பெரியம்மா, இண்டைக்கு வித்தா பாதியாவது மிஞ்சும். பிறகு கச்சான் கடலை வாங்கவும் காணாது."

நடந்துபோய் லொறி ஓடுகிறதா என்று பார்த்திருக்கலாம். போகவில்லை. கைநாட்டு வைத்தேன். அந்தப் பிள்ளையில் குற்றமில்லை, பயந்தது நான். அந்தக் கிழமையும் லொறிகள் போனதாகக் கடைக்காரர் பிறகு சொன்னார். இரண்டு வருடத்துக்குள் விலை பழைய இடத்தையும் தாண்டிப் போனது.

வீடு வந்த தம்பி ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் ஊருக்கு எப்படியோ பாதிக் கதை தெரிந்துவிட்டது. ஒரு கல்யாணவீட்டில் பந்தியிலேயே ஒருவர் சொன்னார்:

"பென்சன் காசைச் சூதில விட்ட ஐயா வாறார், இலையைப் பாத்துப் போடுங்கோ, அதையும் வைச்சு ஆடிப்போடுவார்."

நான் வாயைத் திறந்தேன். தம்பி என் கையைப் பிடித்தார்.

"பாயாசம் ஆறுது, சாப்பிடுங்கோ அக்கா."

திரும்பும் வழியில் கேட்டேன், "ஏன்ரா என்னைச் சொல்ல விடேல்லை?"

"என்னைச் சொன்னா ரெண்டு நாள் சிரிப்பினம். உங்களை எண்டா ஆயுசுக்கும் சொல்லுவினம்."

இரண்டு நாளில் நிற்கவில்லை. அவர் படுக்கையில் விழும்வரை சொன்னார்கள். அவருடைய செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்திலும் ஒருவர் சொன்னார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இப்போதும் ஒன்பதரைக்கு அவருடைய போன் வெளிச்சம் போடுகிறது. அதை நிற்பாட்ட எங்களுக்குத் தெரியாது. பச்சை தெரிந்தால் முன்னறையிலிருந்து "அக்கா" என்று கேட்கும். "ஓம் தம்பி" என்று எழும்பிப் போவேன். அவர் இருந்த கதிரை வெறுமையாக இருக்கும்.

கண்டியில் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிய தாதிப் பிள்ளைகளுக்கும், பந்தல் போட்ட அயலவர்களுக்கும், செத்தவீட்டு எட்டு நாளும் குசினியைப் பார்த்த பெண்களுக்கும் நன்றி. வந்திருக்கும் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். என் தம்பி காசைத் தொலைத்தவர் அல்லர். விற்றது நான். இந்த இடத்தைப் பேத்தியிடம் மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

அக்கா