தகரக் கதவில் கறையான்

கணவன் செத்தபின் கொழுந்தன் வீட்டு நடையில் மகள் எஸ்லினோடு முடங்கிக் கிடந்த அருள்செல்வி, சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டுமென்றுதான் சாமல்பட்டியை விட்டு மூக்கண்டப்பள்ளிக்கு வந்தாள். கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, லைன் வீட்டில் ஒற்றை அறை.

கொரோனா வந்து கம்பெனியை மூடினார்கள். வாடகை நின்றது. வாடகை கேட்டு யாரையும் காலி செய்யச் சொல்லக்கூடாதென்று அரசாங்கம் உத்தரவு போட்டதும் அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்த உத்தரவு ஓனர் வெங்கடப்பனுக்கும் தெரியும். மறுநாளே ஆளோடு வந்து கதவைக் கழற்றினார்.

"அண்ணா, வயசுக்கு வந்த புள்ள இருக்குதுங்கண்ணா!"

"நானென்ன உன்னக் காலி பண்ணவா சொன்னேன்? கதவுல கறையான். சரிபண்ணி மாட்டறேன்."

தகரக் கதவைத் தின்கிற கறையானை உலகத்திலேயே அவர் ஒருவர்தான் பார்த்திருப்பார்.

வாசலில் புடவையைக் கட்டி, குறுக்கே உட்கார்ந்து காவல் காத்தாள். காற்றில் புடவை அசைந்தாலும் பதறி எழுந்தாள். உடம்பு எத்தனை நாள் தாங்கும்? காய்ச்சல் கண்டது. கொரோனாதான் என்றார்கள்.

'உள்ளே வராதீர்கள்' என்று அச்சடித்த தாளோடு மாநகராட்சி ஆள் வந்தார்.

"எதுலக்கா ஒட்டறது? கதவு எங்க?"

"அது காலி பண்ணிட்டுப் போயிருச்சுங்க. புடவை மேலயே ஒட்டுங்க. நல்லாத் தெரியற மாதிரி ஒட்டுங்க."

அன்றுதான் அவள் கண்ணயர்ந்தாள். காய்ச்சல் சீக்கிரம் விட்டுவிடக் கூடாதே என்பது மட்டும்தான் இப்போது அவள் பயம்.