எங்கள் சாமியைப் பிடிக்காதவர்கள்

எங்கள் குலதெய்வத்தைப் பற்றி என் மருமகள் ஒரு கதைப் புத்தகம் எழுதினாள். அதைப் படிக்காமலேயே, பங்காளி வீடு ஒன்று விடாமல், திருவிழா அழைப்பிதழோடு சேர்த்துக் கொடுத்து அனுப்பியவன் நான். அது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஒரு பொருள் நன்றாக இருக்குமா என்று தெரிந்துகொள்ள அதைச் செய்தவரைப் பார்த்தால் போதும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கல்லாவிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, லேத்துப் பட்டறையில் இரும்புச் சுருள் பெருக்கியவன் இன்று சொந்தமாக மூன்று ஷெட் வைத்திருக்கிறேன் என்றால், அது இந்தக் கண்ணால்தான். மெஷின் வாங்கும்போதுகூட நான் கேட்லாக் பார்ப்பதில்லை. விற்க வந்தவன் முகத்தைப் பார்ப்பேன். ஒரே ஒரு முறை ஏமாந்தேன். அந்த ஆள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தது இது. எங்கள் கூட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்ணை மாமியார் ஓட்டைப் பானையைக் கொடுத்துத் தண்ணீருக்கு அனுப்பினாளாம். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பஞ்ச காலம். மலையடியில் பாறையைத் தொட்டாள், ஊற்று பிறந்தது. ஊரே குடித்தது. அவள் அங்கேயே கல்லாகி நின்றாள். பேரிகைக்குப் பக்கத்தில் அந்த ஊற்றும் கல்லும் இன்றும் இருக்கின்றன. அதுதான் எங்கள் கோயில்.

என் மருமகள் எழுதிய கதையிலும் பானை உண்டு, பாறை உண்டு, ஊற்று உண்டு. ஆனால் பெண் வேறு. ஓட்டைப் பானையைக் கொடுத்த மாமியாரை அவள் திட்டுகிற திட்டு ஒன்றரைப் பக்கம் ஓடுகிறது. பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடிக் குழம்பு வைக்கிறாள். ஊற்றைக் கண்டுபிடித்ததும் அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, தன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து மன்னிப்புக் கேட்டால்தான் தண்ணீர் என்கிறாள். கேட்டவர்களுக்குக் கொடுக்கிறாள். கேட்காதவர்களுக்கு இல்லை. கடைசியில் அவள் கல்லானது கற்பினால் அல்ல, எழுந்திருக்க மாட்டேன் என்ற பிடிவாதத்தினால்.

அழைப்பிதழ் போய்ச் சேர்ந்த வாரமே என் போன் சூடேறிவிட்டது. சாமியைத் திருடி ஆக்கிவிட்டாள் என்று ஒருவர் கத்தினார். அவர் போனை வைத்த கையோடு அவர் மனைவி கூப்பிட்டாள்: "மாமா, அவர் பேசுனது எதையும் காதுல போட்டுக்காதீங்க. அந்தத் திட்டுற பக்கத்த நான் ரெண்டு தரம் படிச்சேன். இன்னொரு புக்கு குடுங்க, எங்க அக்காவுக்கு."

அப்புறம்தான் நானும் படித்தேன். என் படிப்பு எழுத்துக்கூட்டிப் படிக்கிற படிப்பு. வரிக்கு அடியில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துக்கொண்டு, ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். முடித்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டேன். அவள் மதுரைப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலைக்கு வந்தவள், என் பையனையும் பார்த்துப் பாஸ் பண்ணிவிட்டாள்.

"ஏம்மா, இப்பிடி ஒரு பொம்பள என் யூனிட்டுக்கு வேலைக்கு வந்தா ஒரு ஷிப்டுகூட வச்சிருக்க மாட்டேன்" என்றேன்.

"அவளும் இருக்க மாட்டா மாமா" என்றாள்.

ஸ்கேலை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினேன்.

யூனிட்டிலும் அந்தப் புத்தகம் கை மாறியது. தெற்கிலிருந்து வந்த பையன்கள் சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு சண்டை. "ஊருக்கே தாகம், இவளுக்கு ரோசமாக்கும்?" என்று ஒருத்தன். "ரோசம் இல்லாதவன் தண்ணி குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன?" என்று இன்னொருத்தன். "அவ நல்லவளும் இல்ல, கெட்டவளும் இல்ல, நம்ம சூப்பர்வைசர்" என்று மூன்றாவது ஆள். சூப்பர்வைசர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் குடிதண்ணீர் கேன் முன்னால் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு ஒரு பயல் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான். "மன்னிப்புக் கேட்டாத்தான் தண்ணி." நானும் போய் நின்றேன். முதலாளி என்று பார்க்கவில்லை, என்னையும் கேட்க வைத்தான். எதற்கு மன்னிப்பு என்று தெரியாமலேயே கேட்டேன். தண்ணீர் ருசியாகத்தான் இருந்தது.

சிரிப்பெல்லாம் யூனிட்டோடு சரி. கோயிலில் விஷயம் வேறாக இருந்தது.

எங்கள் திருவிழா மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வருவது. புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண், அரிசி மாவில் வெல்லம் பிசைந்து, நடுவில் குழி வைத்து, நெய்த்திரி போட்டு மாவிளக்கு எடுத்துப் போய்ச் சன்னதியில் வைக்க வேண்டும். அந்த விளக்கு எரிந்தால்தான் அவள் எங்கள் கூட்டத்துப் பெண். அதுவரைக்கும் விருந்தாளி. என் மருமகளுக்கு அதுதான் முதல் திருவிழா. முந்தின நாளே மாவு இடித்து வைத்துவிட்டாள். மிக்சியில் போடலாமே என்று என் பையன் சொன்னதற்கு அவனை அவள் பார்த்த பார்வையில், இவள் இந்த விளக்குக்கு எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்பது எனக்குத் தெரிந்துபோனது.

கோயிலில் இறங்கியதும் பேரிகைப் பெரிய பங்காளி வழியை மறித்தார். கோயில் காரியம் எல்லாம் அவர் சொல்படிதான். அவர்கள் வீட்டுப் பேச்சில் பாதி தெலுங்கு.

"ஏமப்பா, அம்மாவத் திருடின்னு எழுதுன கையால அம்மாவுக்கே விளக்கா? புக்க மாத்தி எழுதறேன்னு சூடத்த அணைச்சுச் சொல்லட்டும். அப்புறம் உள்ள போவட்டும்."

என் மருமகள் மாவிளக்குத் தட்டை இறக்காமலேயே சொன்னாள்: "மாத்த மாட்டேங்க. விளக்கும் வைப்பேன்."

"ரெண்டும் எப்பிடிம்மா நடக்கும்?"

"நீங்க வழிய விட்டா நடக்கும்."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அந்தக் கதைப் பெண்ணை எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் என் வீட்டுக்குள் நான் பிடிக்கவில்லை என்பது வேறு, ஊரான் சொல்வது வேறு. ஆகவே முழங்கினேன். இந்தக் கோயிலுக்கு இரும்பு கேட் யார் போட்டது, தகரக் கூரை யார் போட்டது என்று ஆரம்பித்தேன். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் சொன்னேன்.

இதற்கு நடுவே எங்கள் அண்ணி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். அது எனக்கு இடி. எங்கள் குடும்பத்து மூத்த மருமகள் அவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். அவள் இருக்கிற இடத்தில் என் அண்ணன் தும்முவதற்குக்கூட வெளியே போவார். இந்தப் பழங்கதையை மருமகளுக்கு வாய் வலிக்கச் சொன்னதே அண்ணிதான். புத்தகம் வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அன்றையிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

கடைசியில் பூக்கேட்டுப் பார்ப்பது என்று முடிவானது. சிவப்புப் பூ ஒரு இலையில், வெள்ளைப் பூ ஒரு இலையில் மடித்துக் கட்டிச் சாமி காலடியில் வைத்து, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். மற்ற ஊரில் அரளி. எங்கள் பக்கம் ரோஜாவுக்கா பஞ்சம்? பக்கத்துப் பசுமைக்குடிலில் இருந்தே இரண்டு வந்தன, பெங்களூர்க் கல்யாணத்துக்குப் போக வேண்டியவை.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். பேரிகைக்காரர்கள் விசில் அடித்தார்கள். எங்கள் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் சந்தோஷப்பட்டதை என் ஆயுசில் அன்றுதான் பார்த்தேன். பெரிய பங்காளி என் தோளைத் தட்டினார்.

"பாத்தியா தம்பி, அம்மா வேணாம்னுட்டா."

"என்னாத்த வேணாம்னா? வெள்ளை வந்திருக்குதுண்ணா!"

"அதான் சொல்றேன். வெள்ளை. உத்தரவு இல்ல."

"வெள்ளைன்னாத்தான் உத்தரவு!"

"எந்த ஊர்ல?"

அப்போதுதான் விளங்கியது. கல்லாவிப் பக்கம் போய்க் குடியேறிய எங்களுக்கு வெள்ளை என்றால் பால், சம்மதம். இங்கேயே இருந்துவிட்ட அவர்களுக்குச் சிவப்பு என்றால் குங்குமம், சம்மதம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அவரவர் ஊரில் அவரவர் கேட்டுக்கொண்டோம். இரண்டு பக்கமும் ஒன்றாக நின்று கேட்டது இதுவே முதல் தடவை. எது எதற்கு என்று முன்னாடியே பேசிக்கொள்ள ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மறுபடியும் கேட்கலாமா என்றால், சாமியை ஒரே விஷயத்துக்கு இரண்டு தடவை கேட்பது அதைச் சந்தேகப்படுவது என்று பூசாரி கையை விரித்துவிட்டார்.

பிறகு என்ன, ஆளுக்கொரு பக்கம் கத்தல்தான். தமிழில் கொஞ்சம், தெலுங்கில் கொஞ்சம், கோபம் தலைக்கேறியவர்கள் கன்னடத்தில். வெயில் ஏறியது. தட்டுகளில் நெய் உருகத் தொடங்கியது.

அந்தக் கூச்சலுக்குள் அண்ணி என் மருமகளிடம் வந்தாள்.

"ஏம்மா, நீ எழுதுனது என்னையத்தான?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான், மரத்தடியில் கட்டிக் கிடந்த பலிக்கிடாயைப் பார்த்தேன்.

"பாதி நீங்க, பெரியத்தை."

"பாதிதானா? மீதி எவ?"

"மீதி நான்."

அண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கோழி திருடுனது?"

"அது சும்மா கற்பனை, பெரியத்தை."

"என்னா கற்பனை? திருடியிருக்கேன். அத விடு. களி கட்டி தட்டிப்போச்சு, புருசன் தட்டத் தள்ளுனான்னு எழுதியிருக்கியே, அதெப்பிடி எழுதலாம்? இந்தக் கையி கிளறுன களியில கட்டிய எவன் பாத்தான்? கேக்கறவங்க என்னா நெனைப்பாங்க?"

அடிப்பாவி, இதற்குத்தானா இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாய் என்று எனக்கு வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"அத மாத்திர்றேன் பெரியத்தை. களி வெண்ணெய் மாதிரி கிளறுவா. ஆனா கேட்டு வந்தவனுக்குப் போட மாட்டா."

"அது சரி" என்றாள் அண்ணி. "நான் எவனுக்குப் போட்டேன்?"

நான் குறுக்கே புகுந்தேன். "ஏம்மா, கூட்டமே நின்னு மாத்தச் சொன்னப்ப முடியாதுன்ன. இப்ப களிக்கு மட்டும் மாத்தற?"

"அது பிழை மாமா. பிழைன்னா திருத்தித்தான் ஆகணும். அவ குணம் பிழை இல்லையே."

தரம் பார்க்கிறவள் பேச்சு அது. அண்ணிக்கு அந்தப் பேச்சு காதில் ஏறியதா தெரியவில்லை. அவள் தன் மாவிளக்குத் தட்டை மருமகள் கையில் திணித்தாள். மருமகளுடையதைத் தான் வாங்கிக்கொண்டாள். "முன்னாடி நட" என்றாள்.

வாசலில் பெரிய பங்காளி கையை நீட்டினார். "அண்ணி, அந்தப் புள்ள போவக் கூடாதுன்னு..."

"யாரு விளக்கு அது அவ கையில? என் விளக்கு. என் விளக்க எவன்டா நிறுத்தறது?"

"சரி, அப்ப உங்க கையில..."

"அது அவளுது. ஆனா தூக்கிக்கினு போறது நானு. என்னைய எவன்டா நிறுத்தறது?"

பெரிய பங்காளி நீட்டிய கை அப்படியே நின்றது. எந்தத் தட்டை நிறுத்துவது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் இரண்டும் உள்ளே போய்விட்டன. அவருக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி, தன் தட்டையும் தூக்கிக்கொண்டு அவர் கைக்கு அடியில் குனிந்து போனாள். அதற்கப்புறம் பெண்கள் எல்லோரும் போனார்கள். வெள்ளையா சிவப்பா என்று கேட்க ஆண்கள் மட்டும்தான் வெளியே மிச்சம்.

பூசாரி திரி ஏற்றினார். என் மருமகள் பிசைந்த மாவு, அண்ணி வைத்த இடத்தில், கல்லுக்கு நேர் எதிரே எரிந்தது. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள். அவள் சொன்னதால் நானும் புகை என்றே வைத்துக்கொண்டேன்.

பெரிய பங்காளி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இருந்தாலும் தம்பி, அந்தப் புக்குல வர்ற பொம்பளைய எனக்குப் புடிக்கலை."

"எனக்குந்தாண்ணா" என்றேன். "ஆனா அத நீங்க சொல்லக் கூடாது."

"நீ மட்டும் சொல்லலாமா?"

"நான் முழுசாப் படிச்சவன். நீங்க எத்தனாவது பக்கத்துல நிறுத்துனீங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் எங்கப்பா நிறுத்துனேன்? அவ திட்ட ஆரம்பிச்சப்ப எம் பொண்டாட்டி கையிலருந்து புடுங்கிக்கினு போய்ட்டா. இன்னும் குடுக்கலை. அப்புறம் என்னாதான் ஆச்சு, கடைசியில யாராச்சும் அவளுக்குத் தண்ணி மோந்து குடுத்தாங்களா இல்லையா?"

அதைச் சொல்ல மாட்டேன், உள்ளே போய் என் மருமகளைக் கேளுங்கள் என்றேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றினார்.