பட்டைக்குள் மாட்டியிருந்த சீலைத் துண்டு

ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால், ஒரு மழைக்காலம். கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். வேறொரு துரை சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய கார் அது. அழகுக்காக இரண்டு பக்கமும் முன்னாலிருந்து பின்னால் வரை நீளமாக ஒரு பித்தளைப் பட்டை ஓடும். இடப்பக்கப் பட்டையின் முன்முனை ஒரு மாதமாகவே கழன்று, விரல் நுழையும் அளவுக்கு விலகி நின்றது. துரையிடம் சொல்ல வேண்டும். எனக்கோ அவர் முன்னால் வாயே வராது. கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டுச் சும்மா இருந்தேன்.

அன்று மத்தியானம் துரையைக் கிள்ளான் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டுத் தனியாகத் திரும்பினேன். கொட்டும் மழை. பாலத்தை ஒட்டிய வளைவில் யாரோ ஓரமாக ஒதுங்குவது மங்கலாகத் தெரிந்தது. தாண்டும்போது வண்டியை எதுவோ வெடுக்கென்று இழுத்த மாதிரி இருந்தது. ஒரு சத்தமும் கேட்டது. மரக்கிளை உரசியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நிற்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால், கட்டியிருந்த கம்பி அறுந்து, பட்டையின் முனை தூண்டில் முள் போல வெளியே வளைந்திருந்தது. இனிக் கழற்றாமல் முடியாது. இரும்பு பட்டால் பெயிண்ட் உரியும் என்பதால், மூங்கிலை ஆப்பாகச் சீவி, முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்பிக்கொண்டே போனேன். பட்டையைத் தாங்கியிருந்த துருப்பிடித்த பிடிகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. மூன்றாவது பிடிக்கு அடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்குச் சீலைத் துண்டு, சிவப்புக் கரையோடு. ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. துருவா, ரத்தமா?

 நேற்றுக் கேட்ட சத்தம் மறுபடி காதில் கேட்டது. அது கிளையின் சத்தமே இல்லை.

துண்டை மடியில் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். நாலு மைல் தூரம். வழியில் ஒரு போலீஸ்காரர் சும்மா திரும்பிப் பார்த்ததற்கே பெடலிலிருந்து கால் நழுவியது. வளைவில் யாரும் இல்லை. சாலையோரக் கால்வாயில் தண்ணீர் நிரம்பி ஓடியது. கரைச் சேற்றில் ஒரு தூக்குச்சட்டி நசுங்கிக் கிடந்தது. தண்ணீருக்குள் எட்டிப் பார்க்கத் தைரியம் வராமல் அங்கேயே குந்திவிட்டேன்.

"என்னண்ணே, ஒடம்புக்கு முடியலையா?"

நிமிர்ந்து பார்த்தேன். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். முழங்கையில் துணிக்கட்டு.  துண்டை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஓ, கார்க்காரரு நீங்கதானா! புள்ளையோட கால்வாயில விழுந்தேண்ணே. நெஞ்சு வரைக்கும் தண்ணி."

"மன்னிச்சிரு தாயி."

"நல்லவேள, பழஞ்சீல. பொசுக்குன்னு கிழிஞ்சிருச்சு. புதுசக் கட்டியிருந்தா ஒங்க பங்களா வாசல் வரைக்கும் நாங்களும்ல வந்திருப்போம், காசில்லாம கார் சவாரி!" சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அது சரி, நான் போட்ட கூச்சல் ஒங்க காதுல விழவே இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு மழை, அவள் நம்பியிருப்பாள்.

"விழுந்துச்சு தாயி" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து அந்தத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, நடந்துவிட்டாள்.

துரை திரும்பி வந்ததும், நாக்குக் குழறக் குழற எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சம்மதத்தோடு வலப்பக்கப் பட்டையையும் கழற்றிப் போட்டேன். அவை இருந்த இடத்தில் பிடிகளின் ஓட்டைகளை அடைத்த தழும்புகள் வரிசையாகத் தெரிகின்றன. இன்றும் வண்டியில் எது உரசினாலும், கிளைதான் என்று கண்ணால் கண்டாலும், நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அன்று நிற்காமல் போனதற்கு அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லக்கூடிய பதில் அது ஒன்றுதான்.